ஒரே வயலில் இரு விதைகள்: அவரையினப் பயிர்களும் நாகச் சத்தும்

தக்காளிக் குழம்பில் வேகவைத்துப் பேணியில் அடைத்து விற்கப்படும் சிறிய வெள்ளை அவரை விதையை நேயர்களிற் பலர் பாணுடன் சேர்த்து உண்டிருப்பீர்கள். அமெரிக்கக் கடற்படையினரின் உணவில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தமையால், கடற்படை அவரை எனப் பொருள்படும் பெயர் அதற்கு அந்நாட்டில் வழங்கலாயிற்று. பெயர் புதிதாயினும் செடி நமக்குப் புதிதன்று. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் பயிராகி, பிஞ்சுக் காயாக நம் சந்தைக்கு வரும் போஞ்சி எந்த இனத்தைச் சேர்ந்ததோ, அந்த இனத்தையே சேர்ந்தது இவ்வெள்ளை அவரையும். நாம் பிஞ்சிலே பறிக்கிறோம். அவர்கள் காய் முற்றி நெற்று உலரும்வரை விட்டு, விதைக்காக அறுவடை செய்கிறார்கள். வேற்றுமை அவ்வளவே.

இன்றைய பேச்சு இந்த வெள்ளை அவரையின் இரண்டு பேதங்களைப் பற்றியது. ஒன்றன் பெயர் சனிலாக். மற்றதன் பெயர் சாகினா. இரண்டும் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இடப் பெயர்களைத் தாங்கியவை. ஒரே வயலில், ஒரே மழையில், ஒரே பசளையிட்டு இவ்விரண்டையும் அருகருகே விதைத்தபோது, ஒன்று பசுமையாக வளர, மற்றது மஞ்சளாகிக் குறுகி நின்றது. மண் ஒன்றாயிருக்க, பசி மட்டும் இரண்டாயிற்று. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராயப் புகுந்தோர், தாவரங்களின் ஊட்டத்தைப் பற்றி அதுவரை எளிதாகக் கொண்டிருந்த ஓர் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

முதலில் அந்த நிலத்தைச் சிறிது பார்ப்போம். ஹியூரன் எனும் பேரேரியின் ஒரு புறத்தே சாகினா விரிகுடா உள்ளே புகுந்து கிடக்கிறது. அதனைச் சூழ்ந்த சமதரை, பனிப்படலங்கள் உருகி விலகிய பண்டைக் காலத்தில் ஏரியின் அடித்தளமாக இருந்தது. ஆகவே அங்குள்ள மண் களிப்பாங்கானது. பல இடங்களிற் சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை உடையது. வளம் நிறைந்த மண்ணென்றே அதனைக் கூறவேண்டும். அங்குள்ள கமக்காரர் ஓராண்டு சீனிப் பீற்றுக் கிழங்கும் வேறோராண்டு அவரையும் எனப் பயிரை மாற்றி மாற்றிச் செய்து வந்தனர். கிழங்குக்குப் பொசுபேற்றுப் பசளையைத் தாராளமாக இடுவார்கள். மிச்சம் மண்ணிற் கிடந்தால் அடுத்த ஆண்டு அவரைக்கு உதவுமென்பது அவர்களது எண்ணம். அந்த எண்ணம் எவ்வாறு பிழைத்தது என்பதைப் பின்னர் காண்போம்.

அங்கு முன்னர் பயிராகிய மிச்சலைற் எனும் பேதம் கொடியாகப் படர்வது. படரும் செடியின் காய்கள் ஈரநிலத்தைத் தொட்டுக் கிடக்கும். இலையுதிர் காலத்து மழை பெய்தால் விதை கறைபடும். வெள்ளை அவரைக்கு விலை அதன் வெண்மையிலேயே தங்கியிருப்பதால், கறைபட்ட விதை கமக்காரனின் வருமானத்தைக் குறைக்கும். இதனைத் தவிர்க்கும் நோக்குடன் மிச்சிகன் அறிஞர்கள் மிச்சலைற் விதைகளை எக்ஸ் கதிருக்கு உட்படுத்தினர். அதனால் உண்டான மாற்றங்களுள் ஒன்று, கொடியாகாமற் புதராக நிமிர்ந்து நிற்கும் செடி. அதனைப் பிற செடிகளோடு கலந்து, நிமிர்ந்த வளர்ச்சியும் சில நோய்களைத் தாங்கும் ஆற்றலும் ஒருங்கே பெற்ற ஒரு பேதத்தை உருவாக்கி, 1956 இல் சனிலாக் எனும் பெயரால் வெளியிட்டனர். கமக்காரர் அதனை விரும்பி ஏற்றனர். விரும்பாமல் இருக்க முடியாது. அது உண்மையில் நல்ல பேதம்.

ஆயினும் ஒரு வினாவை அப்பேதத்திடம் எவரும் கேட்கவில்லை. நாகச் சத்துக் குறைந்த இடத்தில் நீ எவ்வாறு நடந்துகொள்வாய் என்பதே அவ்வினா. அதைக் கேட்கவேண்டுமென்று அக்காலத்தில் தோன்றியிராது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாகம் என்றதும் நேயர்கள் பாம்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். துத்தநாகம் எனவும் வழங்கும் உலோகத்தையே குறிப்பிடுகின்றேன். இரும்பு வாளியும் கூரைத் தகடும் துருப்பிடியாதபடி அவற்றின்மேற் பூசப்படுவது அது. கைவிளக்குக்கும் வானொலிப் பெட்டிக்கும் இடும் சாதாரண உலர்மின்கலத்தின் உட்கூடும் அதனால் ஆயதே. இத்தகைய உலோகம் செடிக்கு உணவாகும் என்பது விநோதமாகத் தோன்றலாம். எனினும் 1926 இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் அன்னா சொமர் அம்மையாரும் லிப்மன் என்பாரும், மிகத் தூய்மையாக்கிய நீர்க்கரைசலிற் செடிகளை வளர்த்து, நாகம் இல்லாவிடில் உயர்தாவரம் செவ்வனே வளராது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டினர். அதற்கு முன்னர் இவ்வுண்மை புலப்படாமைக்குக் காரணம், செடிக்கு வேண்டிய நாகம் அத்துணைச் சிறிதாயிருந்தமையே. சாதாரண நீரிலும் பாத்திரத்திலும் கலந்திருந்த நாகமே பரிசோதனையைக் கெடுக்கப் போதுமானதாயிருந்தது.

எவ்வளவு சிறிது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு ஹெக்டேயர் நிலத்தின் உழவு ஆழத்து மண் ஏறக்குறைய 20 இலட்சம் கிலோகிராம் நிறையுடையது. கிலோகிராம் ஒன்றுக்கு 50 மில்லிகிராம் நாகம் என்பது மண்ணுக்குச் சாதாரணமான அளவு. அப்படியாயின் அந்த ஹெக்டேயரில் 100 கிலோகிராம் நாகம் இருக்கிறது. அந்நிலத்தில் 2,000 கிலோகிராம் அவரை விளைந்தால் விதையோடு வெளியேறும் நாகம் 60 அல்லது 70 கிராம் மட்டுமே. சிறு கைப்பிடிச் சீனியின் நிறையளவே ஆகும். இவ்வாறு பார்த்தால் மண்ணிலுள்ளது ஆயிரத்துக்கு மேற்பட்ட அறுவடைகளுக்குப் போதும். அப்படியிருக்கச் செடி ஏன் பட்டினி கிடக்கிறது?

விடை பூட்டிய பெட்டியில் இருக்கிறது. மண்ணிலுள்ள நாகத்தின் பெரும்பகுதி களியோடும் சுண்ணாம்போடும் இறுகப் பிணைந்து கிடக்கிறது. வேர் உறிஞ்சக்கூடிய நிலையிற் கரைந்திருப்பது மிகச் சொற்பம். மண்ணின் காரத்தன்மை ஏற ஏற அக்கரைசல் இன்னும் அருகும். பி.எச். பெறுமானம் ஒன்றால் உயரும்போது நாகத்தின் கரைதிறன் ஏறத்தாழ நூறிலொரு பங்காகக் குறைகிறது என்பது மண்ணியலார் கண்ட உண்மை. லின்ட்சே, நோர்வெல் என்னும் இருவர் 1978 இல் வெளியிட்ட சோதனை முறையொன்றினால், செடிக்குக் கிட்டக்கூடிய நாகத்தை மட்டும் பிரித்து அளக்கலாம். கிலோகிராம் மண்ணுக்கு அரை மில்லிகிராமுக்கும் ஒரு மில்லிகிராமுக்கும் இடையில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அதன்கீழ் இறங்கினால் நாகத்தை நாடும் பயிர்கள் துன்புறத் தொடங்கும். சாகினாச் சமதரையின் சுண்ண மண்ணிற் பல துண்டுகள் அந்த நிலையில் இருந்தன.

துன்புறும் அவரைச் செடி எவ்வாறு தோன்றும்? முளைத்த சில வாரங்களிலேயே இலையின் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளிறும். புதிய இலைகள் சிறுத்துச் சுருங்கும். கணுவிடைகள் நீளாமையால் செடி குட்டையாகும். முதிர்ந்த இலைகள் செம்பழுப்பு நிறமடைந்து உதிரும். பூவும் பிஞ்சும் கொட்டும். இவற்றுக்கெல்லாம் காரணமுண்டு. செடியின் உயிரணுக்களில் நடைபெறும் பல இரசாயன மாற்றங்களை நடத்தும் நொதியங்களிற் பலவற்றுக்கு நாகம் இன்றியமையாத உறுப்பு. தண்டை நீளச்செய்யும் ஒட்சின் எனும் ஓமோனின் அளவும் நாகக் குறையினாற் குன்றும். அவரையினத்துக்கோ இன்னுமொரு நட்டம் உண்டு. காற்றின் நைதரசனைப் பசளையாக மாற்றும் பற்றீரியங்கள் குடியிருக்கும் வேர்ச் சிறுகணுக்கள் எண்ணிக்கையிற் குறைந்து, உட்புறச் செந்நிறமும் மங்கும். நாகம் இல்லாவிடில் நைதரசனும் போயிற்று.

மிச்சிகன் கமக்காரனை இவற்றுள் மிக வருத்தியது, காலந்தாழ்த்தி முதிர்தல். வயலின் ஒரு பகுதி நெற்று உலர்ந்து அறுவடைக்குத் தயாராக நிற்க, நாகம் குன்றிய பகுதி பச்சையாகவே நிற்கும். அதற்காகக் காத்திருந்தால் மழை வந்து முற்றிய விதையைக் கறைப்படுத்தும்; காத்திராது அறுத்தால் பச்சை விதை கலந்து விலை கெடும். நிமிர்ந்து நின்று கறையைத் தவிர்க்கவென உருவாக்கிய பேதமே இவ்விக்கட்டைக் கொண்டுவரலாயிற்று.

இனி அந்தப் பொசுபேற்றின் கதைக்கு வருவோம். விளைச்சல் குறைந்த இடத்திற் பசளையைக் கூட்டுதல் கமக்காரனின் இயல்பு. அவரை வெளிறியதைக் கண்டு பொசுபேற்றைக் கூட்டினால் வெளிறல் மேலும் மிகும். ஏனெனில் பொசுபரசு மிகுந்தால் நாகக் குறை உரக்கும். இதற்குப் பல வழிகள் உள. பொசுபரசினாற் செடி விரைந்து பருக்க, உள்ள சிறிதளவு நாகம் பெரிய உடலெங்கும் பகிரப்பட்டு நீர்த்துப்போவது ஒரு வழி. நாகம் குன்றிய வேர், பொசுபரசை உறிஞ்சுவதில் அடக்கம் இழந்து அளவுக்கு மிஞ்சி உள்ளே இழுத்துவிட, இலையில் அது நஞ்சாகும் அளவுக்குச் சேர்வது இன்னொரு வழி. மூன்றாவது வழி மண்ணுக்குள்ளே மறைந்திருப்பது. அவரையின் வேரோடு ஒருவகைப் பங்கசு உறவு பூண்டு வாழ்கிறது. அதன் நுண்ணிய இழைகள் வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் சென்று நாகத்தையும் பொசுபரசையும் கொணர்ந்து கொடுக்கின்றன. அதற்குக் கூலியாகச் செடியின் வெல்லத்தைப் பெறுகின்றன. மண்ணிற் பொசுபரசு மிகுந்தாற் செடி இக்கூட்டாளியை வேண்டாமென்று ஒதுக்கிவிடும். அதனோடு நாகம் வரும் பாதையும் அடைபடும்.

சீனிப் பீற்றுக் கிழங்கு இப்பங்கசோடு உறவு கொள்ளாத குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு பருவம் முழுவதும் கிழங்கு நின்ற நிலத்திற் பங்கசு குடியிருக்க வீடின்றி மெலிந்துவிடும். அடுத்த ஆண்டு அங்கு விதைக்கும் அவரைக்கு அந்த உதவி கிட்டாது. கிழங்கின் பின் விதைத்த அவரை ஏன் அதிகம் வெளிறியது என்ற புதிருக்கு, மிச்சமாய்க் கிடந்த பொசுபேற்றும் மெலிந்த பங்கசும் சேர்ந்தே விடையளிக்கின்றன. பெருந்தொகைப் பணம் செலவிட்டு வளமாக்கிய நிலம், அவ்வளத்தினாலேயே அவரைக்கு வறிய நிலமாயிற்று.

இத்தகைய வயலில் சாகினா எனும் பேதம் பசுமையாக நின்றது எப்படி? ஐக்கிய அமெரிக்காவின் கமத்தொழிற் திணைக்களத்தைச் சேர்ந்த அம்பிளர், பிறவுண் என்னும் அறிஞர் இருவர் இவ்வினாவை எடுத்துக்கொண்டு, தம் முடிவுகளை 1969 இல் வெளியிட்டனர். நாகக் குறையை எளிதிற் காட்டும் சனிலாக், தன்னுள் பொசுபரசையும் இரும்பையும் சாகினாவை விட அதிகமாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆகவே இரு பேதங்களின் வேறுபாட்டை நாகத்தை மட்டும் அளந்து விளங்கிக்கொள்ள இயலாது. வேர் எதனை உள்ளே விடுகிறது, எதனை மறுக்கிறது, உள்ளே வந்தவை ஒன்றையொன்று எவ்வாறு நெருக்குகின்றன என்பனவற்றை ஒருங்கே நோக்கவேண்டும். பெருந்தீனி உண்பவனுக்கும் சத்துக்குறை வருவதுண்டல்லவா? சனிலாக்கின் நிலை அத்தகையது.

பின்வந்த ஆராய்ச்சிகள், நாகத்தைச் சிக்கனமாக ஆளும் செடிகளிடம் வேறு பல திறமைகளையும் கண்டன. வேர் நுண்ணியதாகவும் நீண்டும் கிளைத்திருந்தால் அது தொடும் மண் அதிகம். வேர் தன் அருகிலுள்ள மண்ணை அமிலப்படுத்தினால் பூட்டு சிறிது நெகிழும். காற்றின் நைதரசனைக் கொண்டு வாழும்போது அவரையினப் பயிர்கள் இயல்பாகவே இதனைச் செய்கின்றன. வேரணுவின் புறமென்றகட்டில் நாகத்தை உள்ளே இழுக்கும் புரதங்கள் பல செறிந்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் அப்பால், இலையில் ஒரே அளவு நாகம் இருந்தும் அதனைக்கொண்டு நொதியங்களைத் தொடர்ந்து இயக்கவல்ல செடியும், இயக்கமாட்டாது சோரும் செடியும் உள. வருமானம் ஒன்றாயிருந்தும் ஒரு வீடு நடக்க, மற்றது கடன்படுவது போன்றதே இது.

பேதங்களை ஒப்பிடும் முறையைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகளைக் கூறவேண்டும். நாகம் குன்றிய மண்ணில் ஒரு பேதத்தை, நாகமிட்டும் இடாமலும் வளர்த்து, இடாத செடியின் விளைவை இட்ட செடியின் விளைவுக்கு நூற்றுவீதமாகக் கூறுவது வழக்கம். உதாரணமாக ஒரு பேதம் பத்துக்கு எட்டு விளைந்தால் அதன் திறன் நூற்றுக்கு 80. வேறொன்று இருபதுக்குப் பன்னிரண்டு விளைந்தால் நூற்றுக்கு 60. வீதத்தை மட்டும் பார்ப்பவர் முதலாவதையே தேர்ந்தெடுப்பார். ஆனால் பசியிலும் கூடுதலாக விளைந்தது இரண்டாவதன்றோ? கமக்காரன் வீதத்தைச் சாக்கிற் கட்டி விற்பதில்லை.

மற்றைய எச்சரிக்கை விதையைப் பற்றியது. தாய்ச்செடி நாகம் நிறைந்த மண்ணில் வளர்ந்திருந்தால் அதன் விதையுள் நாகம் கூடுதலாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தச் சேமிப்பினாற் கன்று முதற் சில வாரங்களைத் துன்பமின்றிக் கடக்கும். ஆகவே ஒரு பேதத்தின் விதையை வளமான நிலத்திலிருந்தும் மற்றதன் விதையை வறிய நிலத்திலிருந்தும் எடுத்து ஒப்பிட்டால், பேதத்தின் குணத்தையன்றித் தாய்நிலத்தின் குணத்தையே அளந்தவராவோம். இரண்டையும் ஒரே நிலத்தில் ஒரு தலைமுறை வளர்த்து, அவ்விதையைக்கொண்டே பரிசோதித்தல் வேண்டும். விதையின் சேமிப்பு இத்துணை முக்கியமாதலால் அதனைச் செயற்கையாகக் கூட்டவும் முயன்றனர். கடலை விதையை மிக நீர்த்த நாகச் சல்பேற்றுக் கரைசலில் ஊறவைத்து விதைக்கும் முறை பாகிஸ்தானில் கமக்காரரின் வயல்களிலேயே சோதிக்கப்பட்டு நற்பயன் தந்தது. அம்முடிவுகள் 2008 இல் வெளியாயின.

நாகக் குறையைத் தாங்கும் குணம் தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்குமா என்பது அடுத்த வினா. ஐடஹோ மாநிலத்துக் கிம்பர்லியில் சிங், வெஸ்டர்மன் என்னும் இருவர், தாங்கும் தன்மையுள்ள வெள்ளை அவரைப் பேதமொன்றையும் தாங்காத கறுப்பு அவரைப் பேதமொன்றையும் கலந்து, வழித்தோன்றல்களை நாகம் குன்றிய நிலத்தில் விதைத்துப் பார்த்தனர். அக்கலப்பிலே தாங்கும் குணத்தை ஆட்சியுடைய ஒரே பரம்பரையலகு நிர்ணயித்ததாக 2002 இல் அறிவித்தனர். பேதங்களை உருவாக்குவோருக்கு இது மகிழ்ச்சிதரும் செய்தி. ஓரலகினால் ஆளப்படும் குணத்தை நல்ல விளைச்சலுள்ள பேதத்துள் புகுத்துவது ஒப்பளவில் எளிது. அவரைக்கு மட்டும் உரியதன்று இவ்வேறுபாடு. கடலைப் பேதங்களும் நாகக் குறையைத் தாங்குவதில் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன என அவுஸ்திரேலியாவில் நடந்த ஆராய்ச்சி 1998 இல் காட்டிற்று. பட்டாணியோ பொதுவாகவே நாகக் குறைக்கு அவ்வளவு இளகுவதில்லை.

அப்படியாயின் மண்ணைத் திருத்துவதா, விதையை மாற்றுவதா? நாகச் சல்பேற்றை வாங்கி இடுவது உடனடிப் பரிகாரம். ஹெக்டேயருக்குச் சில பத்துக் கிலோகிராம்களுக்கு உட்பட்ட அளவே போதும். ஒருமுறை இட்டால் சில ஆண்டுகளுக்குப் பயன் நீடிக்கும். தாங்கும் பேதத்தை விதைப்பது ஆண்டுதோறும் செலவில்லாத பரிகாரம். அப்பேதம் மண்ணைச் சுரண்டி வறிதாக்கிவிடும் என அஞ்சுவோர் உளர். முன்னர் சொன்ன கணக்கை நினைவுகூர்ந்தால், பூட்டிய நூறு கிலோகிராமிலிருந்து ஆண்டுக்கு அறுபது, எழுபது கிராமை எடுப்பது சுரண்டலாகாது என்பது விளங்கும். ஆனால் பெட்டியே காலியாகவுள்ள மணல்நிலத்தில் எந்தப் பேதமும் அற்புதம் செய்யாது. அங்கே நாகத்தை இடுவதன்றி வேறு வழியில்லை. என் கருத்தில், சுண்ண மண்ணுக்கு விதையும், வெறும் மணலுக்குப் பசளையும் முதலில் நாடத்தக்கவை.

இடுவதிலும் நிதானம் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் பீக்கன் எனும் கொட்டை மரத் தோட்டங்களுக்கு ஆண்டாண்டாக நாகம் இட்டு வந்தனர். அம்மரம் நாகத்தை மிக வேண்டுவது. பின்னர் அத்தகைய நிலங்களில் மரங்களை அகற்றி நிலக்கடலையை விதைத்தபோது செடிகள் குன்றின. தண்டின் அடி நிலமட்டத்திற் பிளந்தது. மண்ணிற் சேர்ந்திருந்த நாகமே நஞ்சாயிற்று. நிலக்கடலையும் அவரையின் குடும்பமே. ஆயினும் நாகத்தின் மிகுதிக்கு அதனைப்போல் அஞ்சும் பயிர் சிலவே. அமில மண்ணில் இவ்வபாயம் மேலும் கூடும். சுண்ணாம்பிட்டு மண்ணின் அமிலத்தைக் குறைப்பதே இதற்குப் பரிகாரம். மிச்சிகனில் நோய்க்குக் காரணமாயிருந்த சுண்ணாம்பு ஜோர்ஜியாவில் மருந்தாகிறது.

செடியின் பசியைப் பற்றியே பேசினோம். உண்பவரின் பசியும் இதனோடு தொடர்புடையது. ஈரானிலுள்ள ஷிராஸ் நகரில் பணிபுரிந்த ஆனந்த பிரசாத் என்னும் இந்திய வைத்தியரும் அவரது தோழர்களும், இருபது வயதைக் கடந்தும் பத்து வயதுச் சிறுவரைப்போல் வளர்ச்சி குன்றியிருந்த நோயாளரைப் பற்றி 1961 இல் எழுதினர். நாகக் குறையே காரணமாகலாம் எனும் அவர்களது ஊகம், பின்னர் எகிப்தில் நடத்திய ஆராய்ச்சியால் 1963 இல் உறுதியாயிற்று. அம்மக்களின் உணவிற் பெரும்பகுதியான ரொட்டியிலுள்ள பைற்றிக் அமிலம் நாகத்தைக் குடலில் உறிஞ்சவிடாது பிடித்துக்கொண்டது. பருப்பிலும் பயறிலும் அவ்வமிலம் உண்டு. ஊறவைத்து முளைக்கவிட்டால் ஓரளவு குறையும். பயறு முளைகட்டி உண்ணும் வழக்கம் இதனால் மதிப்புறுகிறது. நாம் நாள்தோறும் உண்ணும் மைசூர்ப் பருப்பு பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருவது. ஆகவே நம் சோற்றுத் தட்டிலுள்ள நாகத்தின் ஒரு பங்கை நிர்ணயிப்பது அந்நாட்டு மண்ணும் அங்கு விதைத்த பேதமுமே. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்க: வறிய மண்ணைத் தாங்கும் பேதம் எல்லாம் விதையிலும் நாகம் நிறைந்ததாயிருக்கும் என்பதில்லை. தாங்குதல் ஒரு குணம். விதையிற் சேர்த்தல் வேறொரு குணம். இரண்டையும் தனித்தனியே தேடிப் பொறுக்கவேண்டும்.

நம் நாட்டில் எம்.ஐ. 5, எம்.ஐ. 6 எனும் பயறுப் பேதங்களைக் கமக்காரர் அறிவர். அவ்வெழுத்துகள் மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பன. பேதமொன்றைப் பெறும்போது எத்தனை நாளில் விளையும், எவ்வளவு விளையும், எந்நோயைத் தாங்கும் எனக் கேட்கிறோம். எம்மண்ணில் எதனைத் தாங்கும் என்பதையும் அவற்றோடு சேர்த்துக் கேட்கலாம். வலிகாமத்துச் செம்மண்ணின் கீழே சுண்ணக்கல் கிடக்கிறது. கேத்திலின் அடியிற் படியும் வெண்மை, அவ்வூர்க் கிணற்று நீரின் இயல்பைச் சொல்லும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அங்கே பசளை தாராளமாக இடப்படுகிறது. இவற்றைக்கொண்டு அங்கு நாகக் குறை உண்டென முடிவுகட்டுதல் தவறு. மண்ணைச் சோதிப்பித்தே சொல்லவேண்டும். இலை வெளிறுவதற்கு இரும்புக் குறையும் மங்கனீசுக் குறையும், ஏன், வைரசு நோயுங்கூடக் காரணமாகலாம்.

ஐயமுள்ள கமக்காரர் தாமே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. இரண்டு பேதங்களை அருகருகே விதைத்து, அவற்றின் குறுக்காக ஒரு துண்டுக்கு மட்டும் நாகச் சல்பேற்றைத் தெளிக்கவேண்டும். நூறு லீற்றர் நீருக்கு அரைக் கிலோகிராம் நாகச் சல்பேற்றும், இலை கருகாதிருக்கக் கால் கிலோகிராம் சுண்ணாம்பும் கரைத்து வடித்துக்கொள்ளலாம். மாலை வேளையில், விதைத்த மூன்றாம் நான்காம் வாரத்தில் தெளித்தல் நன்று. பத்து நாள் கழித்துப் பார்க்கும்போது, முன்னரே வெளிறிய இலைகளைப் பார்க்கவேண்டாம். அவை பெரும்பாலும் பழைய நிறத்தை அடையமாட்டா. அதன்பின் விரிந்த இலைகளையே நான்கு மூலைகளிலும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தெளித்த துண்டில் இரு பேதங்களும் ஒத்துப் பசுமையாகவும், தெளியாத துண்டில் ஒன்று மட்டும் சிறுத்து வெளிறியும் இருந்தால், அந்த வயலிலும் ஒரு சனிலாக்கும் ஒரு சாகினாவும் நிற்கின்றன.